ஆறடி தூரத்தில் ஒரு வழியனுப்பு விழா

நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு மனித குலம் எடுத்து வைத்த மாபெரும் அடி எது என்று என்னைக் கேட்டால், காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரில் நின்று சாப்பிடக் கற்றுக்கொண்டதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அமெரிக்கர்கள் இதற்கு ‘டெயில்கேட்டிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கால்பந்து ஆட்டம் மைதானத்துக்குள் நடக்கும். ரசிகர்கள் வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் காலையிலேயே அடுப்பு மூட்டி, தின்று, குடித்து, கத்திக்கொண்டிருப்பார்கள். ஆட்டத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இந்தத் தத்துவத்தை நம்மவர்களைப் போல முழுமையாகப் புரிந்துகொண்டவர்கள் உலகத்தில் இல்லை. கல்யாணத்துக்கே நாம் அப்படித்தானே போகிறோம்? அங்கே தாலி கட்டும்போது இங்கே பந்தியில் இடம் பிடித்திருப்போம். ஆகவே டெக்ஸாஸ் மாநிலம் பிளானோ நகரில் ‘வட டெக்ஸாஸ் தமிழர் அமெரிக்கக் கால்பந்து ரசிகர் பேரவை’ தோன்றியதில் வியப்பில்லை. அதன் செயலாளராக இருக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. உறுப்பினர்கள் நூற்று நாற்பது பேர். ஆட்டத்தின் விதி தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் வேலை மாறி நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சர் போய்விட்டார். பொறுப்பாளர்கள் பதின்மூன்று பேர். முதலில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். மற்ற எட்டுப் பேரும் தனிப் பேரவை தொடங்கப் போவதாகச் சொன்னதால் ஜனநாயகம் விரிவாக்கப்பட்டது.

இரண்டாயிரத்து இருபது அக்டோபரில் பேரவைக்கு ஒரு சோதனை வந்தது. உலகத்துக்கு அது மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆனால் சீசன் அப்போது தொடங்கவில்லை.

‘பெருந்தொற்றுக் காலத்தில் கூடலாமா, கூடாதா’ என்ற ஒற்றைப் பொருளை விவாதிக்க ஜூமில் பொதுக்குழு கூடியது. முதல் இருபது நிமிடம், “சார், ம்யூட்ல இருக்கீங்க” என்று பலரும் பலரிடம் சொன்னார்கள். அதன் பிறகு தலைவர் சந்தானம் பேசினார். அவரை நான் எத்தனை புகழ்ந்தாலும் தகும். லெகஸி என்ற வட்டாரத்தில் ஒரு பெரிய அலுவலகத்தில் டைரக்டர். அலுவலகம் ஏழு மாதமாகப் பூட்டிக் கிடக்க, அதன் கார் நிறுத்துமிடம் காலியாக இருப்பதை முதலில் கவனித்த தீர்க்கதரிசி அவர்தான்.

துணைத்தலைவர்களில் ஒருவரான கிரீஷ் டேட்டா சயின்டிஸ்ட். பதினெட்டு ஸ்லைடு போட்டார். “டேட்டா என்ன சொல்லுதுன்னா, கூட்டத்துலதான் ஸ்ப்ரெட் ஆகுது. நாம கூட்டம் இல்ல சார். நாம ஃபேமிலி. எல்லாரும் ஒர்க் ஃப்ரம் ஹோம். நம்ம ஆளுங்க கிட்டேருந்து எப்படி சார் வரும்?”

திரை முழுக்கக் கட்டைவிரல்கள் எழுந்தன. அறிவியல் இவ்வளவு எளிமையாக விளக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை.

எதிர்த்தது ஒரே ஒரு குரல், டாக்டர் ஷ்யாமளா. ஐசியூ மருத்துவர். ஷிஃப்ட் முடிந்து ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்தபடி பேசினார். மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய தழும்பு சிவப்பாகத் தெரிந்தது.

“இங்க பெட் இல்ல. நேத்து ரெண்டு பேரை காரிடார்ல வச்சிருந்தோம். தயவு பண்ணி கூடாதீங்க. ஒரு சீசன் வீட்லயே உக்காந்து மேட்ச் பாருங்க. யாரும் செத்துட மாட்டீங்க.”

சந்தானம் கைகூப்பினார். “டாக்டரம்மா அருமையாச் சொன்னாங்க. யாரும் சாக மாட்டோம்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. வேற என்ன வேணும்?”

தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்தது. கீழே தடித்த எழுத்தில், ‘மருத்துவ ஆலோசனை பெற்று நடத்தப்படுகிறது’. ஷ்யாமளா உடனே தலைவரை அழைத்தார்.

“அங்கிள், நான் குடுத்த ஆலோசனையே வேண்டாங்கறதுதான்!”

“பெற்றுன்னுதானம்மா போட்டிருக்கோம்? ஏற்றுன்னு போடலையே.”

இப்படிப்பட்ட தலைமை எல்லாச் சங்கத்துக்கும் வாய்க்காது.

ஆனாலும் ஒரு சிக்கல். “வரோம் சார், பாக்கலாம்” என்று நாற்பது குடும்பங்கள் பதில் போட்டிருந்தன. ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? பயந்துவிட்டார்கள். என் மகள் ரக்ஷா கூட, “அப்பா, திஸ் இஸ் லிட்ரலி ஹவ் பீப்பிள் டை” என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போனாள். பதினைந்து வயது, நிர்வாக அனுபவம் கிடையாது.

அப்போதுதான் சந்தானம் அந்த மின்னல் யோசனையைச் சொன்னார். மேட்ச் என்றால் நம் ஆட்கள் டிமிக்கி கொடுப்பார்கள். வழியனுப்பு விழா என்றால்? வராவிட்டால் நாளைக்கு யார் மூஞ்சியில் முழிப்பது?

யாரை வழியனுப்புவது என்பதில் சிரமமே இல்லை. ஷ்யாமளாவின் அப்பா நஞ்சுண்டன் இருந்தார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தொன்பது வயது. பிப்ரவரியில் மூன்று மாதம் மகளோடு இருக்கலாம் என்று மாயவரத்திலிருந்து வந்தவர். விமானம் நின்றுபோய் மாட்டிக்கொண்டார். மனைவி அபயாம்பாள் ஊரில் தனியாக இருந்தார். அவருக்கு இதய வால்வில் கோளாறு; உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி இரண்டு மாதமாகிறது. “அவர் வந்து பக்கத்துல நின்னாத்தான் உள்ள போவேன்” என்று அந்த அம்மாள் ஒரே பிடியாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் சிகாகோவிலிருந்து போகும் ஒரு சிறப்பு விமானத்தில் நஞ்சுண்டனுக்கு இடம் கிடைத்தது. சனிக்கிழமை பயணம். வியாழக்கிழமை டெஸ்ட் எடுத்து, நெகட்டிவ் என்று காட்டினால்தான் ஏற விடுவார்கள். நம் ஆட்டம் அதற்கு முந்தைய ஞாயிறு. பொருத்தம் எவ்வளவு அழகாக அமைந்தது பாருங்கள்!

முறைப்படி குடும்பத்தின் ஒப்புதலைப் பெற ஷ்யாமளாவை நான்தான் அழைத்தேன்.

“அண்ணா, ப்ளீஸ். விளையாடாதீங்க. சனிக்கிழமை அப்பா ஏறியாகணும். அம்மா காத்துக்கிட்டிருக்காங்க. நானே கராஜ்ல துணி மாத்திட்டுத்தான் உள்ள வரேன். எட்டு மாசமா ஒரே வீட்ல இருந்தும் அப்பா பக்கத்துல உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டதில்ல. இன்னும் ஒரு வாரம்தான், அண்ணா. அவரை விட்டுடுங்க.”

குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: ‘பயணத் தேதியைக் குடும்பத்தினர் உறுதி செய்தனர்.’

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஷ்யாமளா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு நான் போனேன். வாசல் மணியில் கேமரா இருக்கிறது. பிளானோவில் பல வீடுகளுக்குக் கராஜ் பின்சந்தில்தான் இருக்கும் என்பதால் வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, பெரியவருக்குப் போன் செய்தேன். கராஜ் கதவு மெல்ல உயர்ந்தது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க்.

“ஷ்யாமளா கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமே தம்பி.”

“அஞ்சு நிமிஷம் அங்கிள். சும்மா தலையைக் காட்டிட்டு வந்துடலாம். கார்லேருந்து இறங்கவே வேண்டாம்.”

தயங்கினார். முழங்கால் வலிக்கு ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார். “கூப்பிடறீங்க, வரலேன்னா மரியாதையா இருக்காது,” என்றார். அப்புறம், யாரோ கேட்டுவிடப் போவது போல, “நாலு மனுஷங்களைப் பாத்து எட்டு மாசமாச்சுப்பா. ஜன்னல் வழியா டெலிவரி வண்டியைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்,” என்றார். ஏறிக்கொண்டார்.

லெகஸி கார் நிறுத்துமிடத்தில் நடந்த விழாவின் பாதுகாப்பு ஏற்பாடுகள் எந்த அரசாங்கமும் பின்பற்றத் தக்கவை. இரண்டு இடத்துக்கு ஒரு கார். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஆறடி வட்டங்கள். நான்கு மூலையிலும் சானிடைசர். சந்தானமே காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியுடன் நின்று ஒவ்வொருவர் நெற்றியிலும் வைத்தார். கருவி எல்லோருக்கும் தொண்ணூற்றொன்று காட்டியது. பிணத்துக்குத்தான் அப்படி இருக்கும் என்றாலும் காய்ச்சல் இல்லை என்பது உறுதியானதால் அனைவரும் அனுமதிக்கப்பட்டனர். சாப்பாடு தனித்தனி டப்பாவில். உறுப்பினர் மானஸா கொண்டு வந்த மெதுவடை மட்டும் ஒரே ட்ரேயில் சுற்றி வந்தது. “வடையெல்லாம் கணக்குல வராதுங்க, ஒண்ணு எடுத்துக்கோங்க,” என்றார்.

பெரியவர் இறங்க வேண்டியதாயிற்று. காருக்குள் இருப்பவருக்கு எப்படிப் பொன்னாடை போர்த்துவது?

பொன்னாடையை ஆறடி தூரத்திலிருந்து போர்த்துவதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கப்படவில்லை. மேலும், பொறுப்பாளர்கள் பதின்மூன்று பேர். ஆர்டர் செய்ததில் வந்து சேர்ந்தது ஒரே ஒரு சால்வை. தலைவர் மட்டும் போர்த்தலாம் என்று யாரோ சொன்னதும் மூன்று துணைத்தலைவர்கள் கோபித்துக்கொண்டு தங்கள் காரை நோக்கி நடந்தார்கள். பேரவை உடைந்துவிடும் நிலை. நான்தான் சமரசத் திட்டத்தை முன்வைத்தேன் என்பதை அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன். ஒருவர் போர்த்த வேண்டியது. போட்டோ எடுத்ததும் நான் அதைக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டியது. அவர் போர்த்த வேண்டியது. பதின்மூன்று தடவை.

“சார், மாஸ்க்கை ஒரு செகண்ட் இறக்குங்க,” என்றார் போட்டோ எடுத்தவர்.

“எதுக்கு?”

“மூஞ்சி தெரியலேன்னா போர்த்தினது யாருன்னு எப்படித் தெரியும்?”

நியாயம்தானே? பதின்மூன்று பேரும் இறக்கினார்கள். பெரியவரையும் இறக்கச் சொன்னோம். ஸ்பீக்கரில் பாட்டு அலறியதால் ஒவ்வொருவரும் அவர் காதருகே குனிந்து, “நல்லபடியா போய்ட்டு வாங்க அங்கிள்” என்றார்கள். கிரீஷ் மட்டும் சொல்லி முடிக்குமுன் இரண்டு முறை இருமினார். “ஒண்ணுமில்ல, அலர்ஜி,” என்றார். டெக்ஸாஸில் அலர்ஜி இல்லாதவன் யார்?

பெரியவர் ஏற்புரை சொன்னார். கண் கலங்கியிருந்தது. “எனக்கு இங்க இவ்வளவு பேர் இருக்கீங்கன்னு தெரியாமப் போச்சு. ஊருக்குப் போய் அபயாம்பா கிட்ட சொல்லுவேன். உன் பொண்ணு இங்க அநாதையா இல்லடீன்னு சொல்லுவேன்.” எல்லோரும் கைதட்டினோம். ஐந்து நிமிடம் என்று சொன்னது மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்றைய ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கிரீஷுக்குப் பாசிட்டிவ். தனிமனித அந்தரங்கத்தை மதிக்கும் பேரவை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை நஞ்சுண்டனுக்குப் பாசிட்டிவ். அதே மாலை, பொதுநலன் கருதி, விழாப் படங்கள் அனைத்தும் வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கப்பட்டன. அதற்குள் ஷ்யாமளா பார்த்துவிட்டார்.

சனிக்கிழமை விமானம் அவர் இல்லாமல் போனது. காய்ச்சல் நான்கு நாளில் இறங்கியது. ஆனால் அடுத்து கிடைத்த இடம் மூன்று வாரம் கழித்துத்தான். தினமும் போனில் மனைவியிடம் கெஞ்சினாராம். “நான் வர லேட்டாகும். நீ ஆபரேஷனை முடிச்சுக்கோ, அபயாம்பா.” அந்தப் பக்கத்திலிருந்து ஒரே பதில்: “இத்தனை நாள் இருந்துட்டேன். நீங்க வாங்க, பாத்துக்கலாம்.”

அவர் புறப்பட வேண்டிய நாளுக்கு ஐந்து நாள் முன்பு அபயாம்பாள் அம்மாள் காலமானார். பெரியவர் இறுதிச் சடங்குகள் எல்லாவற்றையும் போனில் பார்த்தார். நடுவில் நெட் நின்று, படம் அப்படியே உறைந்துவிட்டதாம். போனைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இது எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை.

பேரவை தன் கடமையிலிருந்து தவறவில்லை. ஜூமில் இரங்கல் கூட்டம் நடத்தியது. நேரில் போகலாமே என்று ஒருவர் கேட்டதற்குத் தலைவர், “அது பொறுப்பான செயலா இருக்காது. டைம் அப்படி,” என்று கண்டித்தார். இரண்டு நிமிட மௌனத்தை அனைவரும் ம்யூட்டில் அனுசரித்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, சிலர் பின்னால் டீவி ஓடியது.

கூட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் ஷ்யாமளா போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அப்பாவை யாரு வந்து கூட்டிட்டுப் போனாங்க? பத்து தடவை கேட்டுட்டேன். யாரும் வரலியாம். யாரும் கூப்பிடலியாம். அவராவே நடந்து போனாராம்.”

அவர்கள் வீட்டிலிருந்து லெகஸிக்குப் பதினோரு மைல். நடுவில் டோல்வே என்ற அதிவேகச் சாலை. நடைபாதை கிடையாது.

“நீங்கதானே செகரட்டரி. அங்க இருந்திருக்கீங்க. சொல்லுங்கண்ணா. அவர் நடந்தா வந்தார்?”

போனுக்குப் பின்னால் பெரியவர் குரல் கேட்டது. “விடும்மா. தம்பியை ஏன் தொந்தரவு பண்றே. நான்தான் சொல்றேனே, நடந்துதான் போனேன்.”



“ஆமாம்மா,” என்றேன். “பேரவையின் நிலைப்பாடும் அதுதான்.”