கிழவரை எடுத்துவிடலாமா என்று கேட்ட மகளுக்கு

கயானி,
வியாழக்கிழமை, காலைக் காபிக்குப் பிறகு.

அன்பு மகள் ரீக்காவுக்கு,

அப்பா இல்ப்போ எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், என் இடது முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். அங்கே தெற்கே தாம்ப்பரே பட்டணத்தில் நீயும் உன் வேலையும் உன் ஜன்னலோரச் செடியும் அவ்விதமே இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு. காற்று இல்லை, ஆகையால் புகாரும் இல்லை.

நிற்க. நீ எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டுக் கதையைப் பற்றி அபிப்பிராயம் கேட்டிருந்தாய். மூல விளையாட்டை ஒரு தடவை ஆடி முடித்தவர்கள் மறுபடி காசு கொடுத்து இந்தக் கூடுதல் கதையை வாங்கத் தகுமா, தகாதா என்பது ஒரு கேள்வி. பனி உறைந்த ஏரியில் உட்கார்ந்திருக்கும் கிழவரால் கதைக்குப் பிரயோஜனம் இல்லை, எடுத்துவிடு என்று உங்கள் முதலாளி சொல்கிறாரே, எடுத்துவிடலாமா என்பது இன்னொன்று. திங்கட்கிழமைக் கூட்டத்தில் முடிவு, அதற்குள் சொல்லுங்கள், நீங்கள் ஒருவர்தான் எனக்காகப் பொய் சொல்ல மாட்டீர்கள் என்றாய். டெலிபோனில் நான் "ம்" என்றேன். நீ "ம்னா என்னப்பா அர்த்தம்?" என்றாய். அதற்குப் பிறகு இருவரும் எட்டு நிமிஷம் பனிப்பொழிவைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டோம். ஆகவேதான் கடிதம். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் பாதிப் பக்கத்துக்கு டிராக்டர் படம் போட்டுக் கொடுத்தவன் நான். பிழைகளைப் பொறுத்துக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கம்ப்யூட்டரை வைத்துவிட்டு, உங்கள் இஷ்டத்துக்கு ஆடுங்கள், இதில் தப்பு என்று ஒன்றுமே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனாய். அதை நம்பினேன். முதல் நாள் என் வீரன், அதாவது கையில் வாளோடு திரிகிற நான், அந்தப் பனிக் கிராமத்துக்குள் நுழைந்தேன். முதல் வீடு திறந்திருந்தது. கதவைத் தட்ட எந்தப் பொத்தான் என்று கீபோர்டு முழுக்கத் தேடினேன், அப்படி ஒன்று இல்லை. கூப்பிடாத வீட்டுக்குள், அதுவும் பனி ஒட்டிய பூட்ஸோடு, எப்படிப் போவது? யாராவது வெளியே வரட்டும் என்று வாசலில் நின்றேன். அங்கே பொழுது சாய்ந்தது, மறுபடி விடிந்தது, யாரும் வரவில்லை. உன் அம்மா பின்னால் வந்து பார்த்து, என்ன, பஸ்ஸுக்கு நிற்கிறாயா என்று கேட்டாள். உள்ளே போனேன். பூட்ஸைக் கழற்றவும் பொத்தான் இல்லை. அங்கே ஒரு பெண்மணி சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் நின்றதும் கீழே நான்கு வரிகள் வந்தன. முதல் வரி அவள் துக்கத்தைப் பற்றிக் கேட்பது, இரண்டாவது ஊர்ப் பிரச்சினையை விசாரிப்பது, மூன்றாவது நானே என் கதையைச் சொல்ல ஆரம்பிப்பது. நான்காவது, எதுவும் சொல்லாமல் இருப்பது. நீயே சொல், முன்பின் தெரியாத ஒருத்தி அடுப்பு வேலையாக இருக்கும்போது ஒரு மனுஷன் எதைத் தேர்ந்தெடுப்பான்? நான்காவதைத் தேர்ந்தெடுத்தேன். கொல்லனிடமும் நான்காவது, பாதிரியாரிடமும் நான்காவது, உதவி உதவி என்று ஓடிவந்த ஆட்டுக்காரனிடமும், அவன் ஏற்கெனவே கலங்கிப்போயிருக்கிறான், நாம் வேறு தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, நான்காவது. எழுபது நிமிஷத்தில் பனி உருகிவிட்டது, ஊர்க்காரர்கள் ஓர் அந்நியன் வந்து போனான் என்றார்கள், பாட்டு வந்தது, திரையின் கீழிருந்து உன் பெயர் ஏறி வந்தது. கதை: ரீக்கா கெம்ப்பைனென். அம்மாவைக் கூப்பிட்டேன். இருவரும் எழுந்து நின்று பார்த்தோம். பெயர் போன பிறகு உட்கார்ந்து, உனக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எழுபது நிமிஷக் கதைக்கு யார் காசு கொடுப்பார்கள்?

நடுவில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்த எழுபதில் நாற்பது நிமிஷம் ஏரியில் கழிந்தது. கிழவர் பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டிலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை, மீனும் வரவில்லை. வெளிச்சம் மட்டும் மெதுவாக நகர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு உர்ப்போ இரவல் வாங்கிய துளைக்கருவியைத் திருப்பித் தர வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றரைக் கோப்பைக் காபியும் இரண்டு ஏலக்காய் பன்னும் தீரும் வரை பார்த்தான், "நல்ல இடம்" என்றான், போய்விட்டான். அவன் ஒரு வாரத்தில் பேசுவது அவ்வளவுதான். அந்தக் கட்டத்தின் முழு ரசமே அதுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்து உன் அம்மா உட்கார்ந்தாள். முப்பது வருஷம் முடிவெட்டும் கடை நடத்தியவள், ஒரு தலையையும் பேசவைக்காமல் நாற்காலியிலிருந்து இறக்கினதில்லை என்பது உனக்குத் தெரியும். நான் எழுபது நிமிஷக் கணக்கைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒரு ஊரையே யாரோடயும் பேசாம கடந்து வந்திருக்க, இல்ப்போ. நம்ம கல்யாண விருந்துலயும் இதையேதான் பண்ணின. எங்க சித்தி உன்னை சமையல் ஆளுன்னு நெனச்சு தட்டை எடுக்கச் சொன்னாங்க."

"எடுத்தேன்ல."

"அதைத்தான் சொல்றேன்."

இரண்டு வாரமாக இந்த வீட்டில் ஒழுங்கான சாப்பாடு இல்லை மகளே. கறுப்பு ரொட்டியும் வெண்ணெயும் நானும்தான். அவளோ கொல்லன் வீட்டிலும் பாதிரியார் வீட்டிலும் புகுந்து புறப்படுகிறாள். சாப்பாட்டு மேஜையில், அந்தக் கொல்லன் பெண்டாட்டி ஓடிப்போகவில்லை, இவன்தான் அனுப்பினான் என்று தகவல் சொல்கிறாள். எந்தத் தெருக் கொல்லன் என்று நான் நிஜமாகவே கேட்டுவிட்டேன். எனக்கு எழுபது நிமிஷத்தில் முடிந்த கதை அவளுக்கு முப்பது மணி நேரம் தாண்டியும் ஓடுகிறது. அவமானமாக இருந்தது. ஆட்டுக்காரனைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவாவது மறுபடி போக வேண்டும் என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான்காவது வரியைத் தொட்டால் கையில் அடிப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

இப்படியாக நேற்று மத்தியானம் மறுபடியும் ஏரிக்கு வந்தேன். ஊர்க்காரர்கள் சொல்லக் கேட்டிருந்த கிழவரின் மகளைப் பற்றி அவரிடமே கேட்டேன். "ம்" என்றார். இவ்வளவுதான், போகலாம் என்றேன். அம்மா மறுபடி கேள் என்றாள். கேட்டேன், கிழவர் தூண்டிலைப் பார்த்தார். மூன்றாவது தடவை காற்று நாளைக்குத் திரும்பும் என்றார். ஒரு மனுஷனை இவ்வளவு இம்சிப்பது சரியில்லை என்று பட்டது. நான்காவது தடவை கேட்டபோது அவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"அவ பட்டணம் போயி ஆறு குளிர்காலம் ஆச்சு. தெனமும் விடியறதுக்குள்ள அக்கரை வரைக்கும் பனியை ஒதுக்கிப் பாதை போட்டுடறேன். பாதை மூடிக்கிட்டா, வரலாம்னு நெனைக்கறவளுக்கு அதுவே ஒரு சாக்காயிடும்."

நான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போய் நம் அடுப்புக்கு விறகு கொண்டுவந்தேன். விறகுப் பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. ஆகவே அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்துவிட்டு, வேறு விறகு கொண்டுவந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ மேல்நிலைப் பள்ளிக்குப் போன மூன்று வருஷமும், சாலை வேலை மேஸ்திரி எனக்குக் கொடுத்த தாளில் நெடுஞ்சாலைதான் முதலில் இருந்தது. நான் பனி தள்ளும் வண்டியை முதலில் நம் வீட்டுச் சந்துக்குத்தான் விட்டேன், பஸ் நிறுத்தம் வரைக்கும். மேஸ்திரி கேட்டபோது வண்டி அந்தப் பக்கமே இழுக்கிறது என்றேன். இரண்டு தடவை அதைப் பட்டறைக்கு அனுப்பினார், பாவம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் கிளம்பும்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். கிழவரின் பாதையாக அதை எழுத உனக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"மூணு வருஷம் காலணி நனையாம பஸ் ஏறின பொண்ணு, அதுகூடவா யோசிச்சிருக்க மாட்டா?" என்றாள்.

சரி, அபிப்பிராயத்துக்கு வருகிறேன். உங்கள் முதலாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு தடவை யார் கேட்பார்கள்? நானே கேட்காமல்தான் போனேன். ஆனாலும் கிழவரை எடுக்காதே. முதல் கேள்விக்கே வாயைத் திறக்கிற மாதிரி அவரை மாற்றவும் மாற்றாதே, அப்படிப் பேசுகிறவர் வேறு யாரோ. கேட்காமல் போகிறவன் நாற்பது நிமிஷம் நல்ல இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும், அவனுக்கும் நஷ்டமில்லை. மூல விளையாட்டில் நான் ஒரு பூதத்தைக் கொன்று ஒரு ராஜாவைக் காப்பாற்றினேன், அந்த ராஜாவின் முகம் இன்று நினைவில்லை. இந்தக் கிழவரின் கையுறையில் கட்டைவிரல் பக்கம் ஒட்டுப் போட்டிருப்பது வரை நினைவிருக்கிறது. ஆகவே தகும். ஒரே குறை, காற்று இடமிருந்து அடிக்கும்போது அவர் பனியை இடப்பக்கமே வாரிப் போடுகிறார். மறுநாளே பாதை மூடிக்கொள்ளும். ஆறு குளிர்காலம் செய்தவர் வலப்பக்கம்தான் போடுவார். அதை மட்டும் திருத்து. மொத்தத்தில் கதை மோசமில்லை. இதை முதலாளியிடம் சொல்லும்போது, சொன்னவன் கயானிக்காரன் என்றும் சேர்த்துச் சொல். அவர் தெற்கத்தி ஆள், எங்கள் பக்கத்துப் புகழ்ச்சி புரியாமல் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளப் போகிறார்.

உன் எழுத்துக்குக் கை வலியும் உன் பேச்சுக்குத் தடையும் வராமல் இருக்கட்டும். கூட்டத்தில் உன் குரல் நடுங்காமல் இருக்கட்டும். உறைந்த தெருவில் சைக்கிள் ஓட்டாதே. அம்மா பின்னிய காலுறைகளைத் தனியாக அனுப்புகிறோம்.

உன் நன்மையையே எண்ணியிருக்கும்,
அப்பா இல்ப்போ

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): இங்கிருந்து போடும் தபால் புதன்கிழமைக்கு முன்னால் உனக்குக் கிடைக்காதாம். உர்ப்போ சொன்னான். திங்கட்கிழமைக் கூட்டம் முடிந்த பிறகு இந்தக் கடிதத்தால் யாருக்கும் உபயோகமில்லை. டெலிபோனில் சொல்லிப் பார்த்தேன், இன்று காலை நீ எடுத்ததும் சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேனே, அது இதற்காகத்தான். ஆகையால் நாளைக் காலை ரயிலில் நானும் அம்மாவும் வருகிறோம், இதை நானே உன் கையில் கொடுத்துவிடுகிறேன். நான் எதிரில் இருக்கும்போது பிரிக்காதே. நாங்கள் திரும்ப ரயில் ஏறிய பிறகு படி. அம்மா கூடாது என்கிறாள், எதிரிலேயே படிக்க வேண்டுமாம், அதுவும் சத்தமாகவாம். சரி, எதிரிலேயே படி. சத்தமாக மட்டும் வேண்டாம். நான் அந்த ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.