நிமிர்ந்து நடந்து பாண் வாங்கியது

பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன். கொழும்பு வெள்ளவத்தையில், சண்டைக் காலத்தில், ஒரு பின்னேரம்.

காலி வீதியில் சோதனைச் சாவடி கண்ணில் பட்ட பிறகுதான் நினைவு வந்தது: அடையாள அட்டை மற்றக் காற்சட்டையில். அட்டை இல்லாத தமிழனுக்கு அன்றிரவு பொலிஸ் நிலைய மர வாங்குதான் கட்டில். திரும்பி நடக்கவும் முடியாது. திரும்புகிறவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

நல்லகாலம், நான் வாசிக்கிறவன். உள்ளதைவிடக் கூடுதலாகத் தன்னை நம்பிய ஆதிமனிதனுக்கே இறைச்சியும் பெண்ணும் தலைமையும் கிடைத்தன, அவனுடைய வாரிசுகளே நாம் என்று அந்த வாரம்தான் ஒரு தடித்த புத்தகத்தில் படித்திருந்தேன்.

நெஞ்சை நிமிர்த்தினேன். காவல் நின்ற சிப்பாயின் சப்பாத்தை அதிருப்தியோடு பார்த்து, "மழை வருமா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"வரும் சேர்," என்று விறைத்து நின்றான்.

பரிணாமம் வேலை செய்தது. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் இரண்டு மீன் பணிஸும் சேர்த்து வாங்கினேன்.

திரும்பி வரும்போது அதே சிப்பாய் ஓடி வந்தான். "சேர், ஒரு உதவி. ஒருத்தனிடம் இரண்டு அடையாள அட்டை இருக்கிறது. சிங்களம் வராதாம். கொஞ்சம் விசாரியுங்கள்."

மணல் மூட்டைக்குப் பக்கத்தில் வியர்த்து நின்றவர் என் மனைவியின் அண்ணன் குகன்.

"மச்சான், நீர் விட்டிட்டுப் போன ஐ.சி.யைத்தான் தங்கச்சி தந்து விட்டவ," என்றார் பல்லுக்குள்ளால்.

"பயப்படாம, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நில்லுங்கோ."

"நிமிர்த்தினனான். அதுக்குத்தான் மறிச்சவங்கள்."

சிப்பாய் இரண்டாவது அட்டையை என்னிடம் நீட்டினான். "முழியைப் பாருங்கள் சேர், சரியான கள்ளன். இவன் எங்கே என்று கேளுங்கள்."

படத்தில் இருந்தது நான். பேசாமல் நின்றால் குகன் ஸ்டேஷனுக்குப் போவார். பிறகு மனைவியின் முன்னால் நிற்க எந்த ஆதிமனிதனுடைய தன்னம்பிக்கையும் போதாது.

"அது நான்தான்," என்றேன்.

அவன் சிரித்தான். படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். பொருந்தவில்லை. இன்னொரு சிப்பாயைக் கூப்பிட்டுக் காட்டினான். அவனுக்கும் பொருந்தவில்லை. சிரிப்பு நின்றது.

"அப்படியென்றால் உன்னுடைய அட்டை எங்கே?"

'சேர்' போய்விட்டது. துவக்கின் குழல் என் பக்கம் கொஞ்சம் உயர்ந்தது. எனக்குக் கண் பிதுங்கியது, வாய் கோணியது, கழுத்து தோளுக்குள் இறங்கியது.

அவன் படத்தை மறுபடி பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"ஆ, இப்போது சரி," என்று இரண்டு அட்டைகளையும் தந்தான்.

அன்றிலிருந்து யார் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனாலும் சொல்லி அனுப்புகிறேன்: நிமிர்ந்து மட்டும் இருந்துவிடாதீர்கள், தேவைப்படும் நேரத்தில் அந்த முகம் உங்களிடம் இருக்காது.