சிப்பத்துக்குள் உங்கள் தம்பி

அன்பும் மரியாதையும் என்றும் மாறாத அண்ணி அவர்களுக்கு,

உங்கள் பெரிய தம்பியின் மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் அனைவரும் நலம். அதாவது, இன்று மாலை நான்கு மணி நிலவரப்படி நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் அனுப்பிவைத்த பஞ்சு அழுத்தும் இயந்திரத்துக்கு இதுவரை நன்றி சொல்லி ஒரு வரிகூட எழுதாதது என் தவறுதான். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் நன்றி வரவில்லை, வேறு வார்த்தைகள்தான் வந்தன. அதனால் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இன்று அந்த இரும்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கொட்டகையின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? ஒரே கூரை, நடுவில் தகரத் தடுப்பு, இந்தப் பக்கம் பெரியவர், அந்தப் பக்கம் சின்னவர், இரண்டு பக்கமும் அதே கழிவுப் பஞ்சு. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், கதவைப் பூட்டுகிறேன் என்று சொன்னது அண்ணனா தம்பியா என்ற தகராறில் பஞ்சு நனைந்தது, பேச்சு நின்றது; பஞ்சு பத்து நாளில் காய்ந்துவிட்டது. உங்கள் லாரி வந்து நின்றதும் இரண்டு பேரும் இரண்டு வாசல் வழியாக ஓடி வந்தார்கள். ஏனென்றால் அதுவரை இரண்டு பேரும் பஞ்சைக் காலால் மிதித்துக் கயிற்றால்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மூட்டையும் யானைக்குட்டி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும், ஏற்ற வருகிறவர்கள் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஓட்டுநர் இறங்காமலே சொன்னார்: "உங்க அக்கா ஒண்ணு சொல்லி அனுப்பினாங்க. இது ரெண்டு பேருக்கும் பொது. யாராவது ஒருத்தர் எனக்கு மட்டும்னு சொன்னா, எறக்காம அப்படியே திருப்பிக் கொண்டாரச் சொன்னாங்க." உங்கள் தம்பிகள் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் தகரத் தடுப்பில் இயந்திர அகலத்துக்கு மட்டும் வெட்டி, இயந்திரத்தை நட்ட நடுவில் நிறுத்தினார்கள்.

அதில்தான் அண்ணி உங்கள் சாமர்த்தியம் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி, அதற்கு மேலே கனமான அழுத்துப் பலகை, பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கைச்சக்கரம். இரண்டு சக்கரத்தையும் சேர்ந்தாற்போல் சுற்றினால்தான் பலகை நேராக இறங்கிப் பஞ்சை இறுகிய கட்டாக, சிப்பமாக, அழுத்தும். ஒருவர் வேகமாகவும் இன்னொருவர் நிதானமாகவும் சுற்றினால் பலகை கோணிக்கொள்ளும். முதல் மாதம் முழுக்கக் கோணல்தான். வாங்க வந்தவர் எங்கள் சிப்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது சிப்பமா, கொழந்தைங்க சறுக்கி வெளையாடுறதாம்மா?" என்று கேட்டார். வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டுமென்றால் இவர் என்னிடம் சொல்வார். நான் தகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் ஓரகத்தியிடம் கத்துவேன். அவள் தன் பக்கத்திலேயே நிற்கும் சின்னவரிடம் சொல்வாள். அந்தச் செய்தி போய்ச் சேர்வதற்குள் பலகை ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிப் போனதுதான் மிச்சம்.

கடைசியில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமலே ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒரு இருமல் இருமினால் சுற்று. இரண்டு இருமினால் நிறுத்து. உண்மையைச் சொல்லவேண்டும், வேலை ஜோராக நடந்தது. செங்கல் அறுத்த மாதிரி சிப்பங்கள் வரிசையாக விழுந்தன. எனக்கும் நிம்மதி, ஓரகத்திக்கும் நிம்மதி. பஞ்சுக் கொட்டகையில் வேலை செய்பவனுக்கு இருமல் சொந்தத் தேவைக்காகவும் வரும் என்பதை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

இன்று காலை இவருக்கு மணிக்கட்டில் சுளுக்கு. "நீ சக்கரத்தப் புடிச்சுக்கோ, நான் பஞ்சு போடுறேன்" என்றார். நான் குனிந்து பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இவர் ஏணியில் ஏறிப் பஞ்சைக் கொட்டியபோது மூக்குக் கண்ணாடி நழுவிப் பெட்டிக்குள் விழுந்திருக்கிறது. மனிதர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை எடுக்க உள்ளே குதித்துவிட்டார். குனிந்து பஞ்சைக் கிளறிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்க ஏணியிலிருந்து சின்னவர் ஒரு பெரிய கூடைப் பஞ்சை உள்ளே பார்க்காமலே இவர் தலையில் கவிழ்த்துவிட்டு இறங்கித் தன் சக்கரத்துக்குப் போய்விட்டார். நான் நிமிர்ந்து பார்க்கிறேன், ஏணியில் ஆள் இல்லை. அடுத்த மூட்டை எடுத்துவர வெளியே போயிருப்பார் என்று நினைத்தேன். அப்போது ஒரு இருமல் கேட்டது. கணீரென்று, தெளிவாக, ஒரே ஒரு இருமல். நான் சின்னவர் என்று நினைத்தேன், சின்னவர் வழக்கம்போல் அண்ணன் என்று நினைத்திருக்கிறார்.

சுற்றினோம் அண்ணி. நானும் உங்கள் சின்ன தம்பியும் சேர்ந்து சுற்றினோம். பலகை இறங்க ஆரம்பித்தது. இரண்டு இருமல் கேட்டது, நிறுத்தினோம். மறுபடி ஒன்று, மறுபடி சுற்றினோம். அப்புறம் மூன்று வந்தது. மூன்று இருமலுக்கு நாங்கள் அர்த்தம் வைத்திருக்கவில்லை. சின்னவர் கணக்கில் புலி ஆயிற்றே, இரண்டு போக ஒன்று மீதி என்று எடுத்துக்கொண்டு ஒரு கணம் நிறுத்திவிட்டுத் திரும்பவும் சுற்றினார், நானும் சுற்றினேன். உள்ளே இருந்தவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை! ஒன்பது வருட வைராக்கியம்! பலகை தலைப்பாகையைத் தொட்ட பிறகும் பெட்டிச் சுவரைத் தட்டிப் பார்த்திருக்கிறார், பஞ்சில் தட்டினால் சத்தம் எங்கே வரும்? பலகை இன்னும் இறங்கித் தலையை அமுக்கிய பிறகுதான் அந்தக் குரல் வந்தது.

"டேய் தம்பி! சுத்தாதடா! உள்ள நான் இருக்கேன்டா!"

என் கை சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கச் சக்கரமும் நின்றது. பிறகு சின்னவர் குரல், குழந்தைக் குரல் மாதிரி, "அண்ணே?" என்று வந்தது.

"அண்ணேதான்டா! மேல தூக்குடா!"

எதிர்ப்பக்கமாகச் சுற்றவேண்டும் என்பது தெரியும்; எது எதிர்ப்பக்கம் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. நான் அழுதுகொண்டே நின்றேன். சின்னவர் தகரத் தடுப்பை ஒரே உதையில் பெயர்த்துத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். "அண்ணி, நீங்க தள்ளி நில்லுங்க" என்று என்னை விலக்கிவிட்டுக் கடப்பாரையைப் போட்டுப் பெட்டிக் கதவின் தாழ்ப்பாளை நெம்பினார். கதவு திறந்தது. பஞ்சோடு பஞ்சாக உங்கள் பெரிய தம்பி வெளியே சரிந்தார். புருவம், மீசை, காது எல்லாம் வெள்ளை. என்னால் மனிதரையும் பஞ்சையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சின்னவர் தரையில் உட்கார்ந்து, அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் பஞ்சை இழுத்து இழுத்துப் போட்டார்.

"ஏண்ணே, முதல்லயே ஒரு குரல் குடுத்தா என்ன?"

"கூடையக் கவுக்கறவன் உள்ள எட்டிப் பாத்தா என்ன?"

"எலும்பு எதுவும் ஒடையலியே?"

"நீ மடியில அமுக்குற அமுக்குலதான்டா ஒடையப் போவுது."

அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குத் தெரியவில்லை, இருமல் அதிகமாக இருந்தது. கதவு பூட்டிய விவகாரத்தை ஒருவரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவிடப் போவதில்லை. மத்தியானம் ஓரகத்தி வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். சின்னவர் அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், இவருக்கு வாங்கிக்கட்டிக்கொண்ட முதுகு வலியிலும் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மூக்குக் கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை.

அண்ணி, நீங்கள் மூன்று முறை நேரில் வந்து பேசியும் நடக்காததை உங்கள் இரும்பு ஒரு காலைப் பொழுதில் நடத்திவிட்டது. பெற்ற தாய்க்குச் சமமாக உங்களை நினைத்துக் கண்ணீரோடு நன்றி சொல்கிறேன். இந்த இயந்திரம் எங்கள் கொட்டகையை விட்டு ஒரு அடி நகராது. என் பேரன் காலத்திலும் இங்கேயே இருக்கும். உங்கள் வீட்டு அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும், இனிமேல் ஒரு குடும்பத்துக்கும், வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் காலடியை மறவாத,
பெரிய தம்பி வீட்டம்மா

பின்குறிப்பு: தபால்தலை இல்லாததால் கடிதம் நான்கு நாள் மேசையிலேயே கிடந்துவிட்டது. இந்த நான்கு நாளும் உங்கள் தம்பிகள் வாய் மூடவில்லை. ஒன்பது வருடப் பாக்கியை மொத்தமாகப் பேசித் தீர்க்கிறார்கள். நானும் ஓரகத்தியும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். பேசிப் பேசி நேற்று முதல்முறையாக ஒருமனதாக ஒரு முடிவும் எடுத்திருக்கிறார்கள்: ஆளைக் கொல்லும் இந்தச் சனியன் வேண்டாம், பொத்தானை அழுத்தினால் தானே இறங்கும் மோட்டார் இயந்திரம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். உங்களுடையது அடுத்த வாரம் லாரியில் கிளம்புகிறது. வாசலில் இடம் ஒதுக்கி வையுங்கள். பத்திரமாக இறக்குவதற்காக இரண்டு பேரும் கூடவே வருகிறார்கள். இயந்திரத்தை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். இவர்களை மட்டும் பத்து நாளைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.