ஃபேனில் ஏறிய லக்மான்

ஒரு வேலையைப் பாதி கற்றுக்கொண்டவர்களைப் போலத் தைரியசாலிகள் உலகத்தில் கிடையாது. முழுசாகத் தெரிந்தவர்கள் யோசிப்பார்கள். சுத்தமாகத் தெரியாதவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பாதி தெரிந்தவர்கள்தான் விருந்தாளிகளைக் கூப்பிடுவார்கள். நான் கூப்பிட்டேன். அதுவும் யாரை? என் தம்பிக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களை.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு மாடியில் அப்போது ஓர் உஸ்பெகிஸ்தான் தம்பதி குடியிருந்தார்கள். இங்கே ஒரு தொழிற்சாலையில் புது மிஷின் பொருத்த வந்த எஞ்சினியர் தைமூர், அவர் மனைவி குல்னோரா. தைமூருக்கு இங்கிலீஷ் தெரியும், பேசமாட்டார். குல்னோராவுக்கு இங்கிலீஷ் தெரியாது, பேசாமல் இருக்கமாட்டாள். அவள் தமிழ் கற்றது மீன்காரம்மாவிடமும் காய்கறி வண்டிக்காரரிடமும். "இன்னாக்கா, நாஷ்டா ஆச்சா?" என்று மாடிப்படியிலிருந்து கேட்டால், முகத்தைப் பார்க்காதவர்கள் பக்கத்து ஊர் கவரைப்பேட்டைக்காரி என்றே நினைப்பார்கள்.

முதல் முறை அவள் வீட்டுக்குப் போனபோது காதில்லாத சின்னக் கிண்ணத்தில் கால்வாசி டீ ஊற்றிக் கொடுத்தாள். (சரியான கஞ்சம் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.) குடித்ததும் மறுபடி கால்வாசி. மறுபடியும்.

"ரொப்பி ஊத்துனா, குட்ச்சிட்டு கெளம்புன்னு அர்த்தம்க்கா. கொஞ்சமா ஊத்துனா, இன்னும் குந்துன்னு அர்த்தம்."

குந்தினேன். மதியச் சாப்பாடும் அங்கேயே ஆனது. லக்மான் என்றாள். மாவைக் கையாலேயே நூல்நூலாக இழுத்து வேகவைத்து, அதன்மேல் ஆட்டுக்கறியும் குடைமிளகாயும் தக்காளியும் சீரகமும் சேர்ந்த குழம்பை ஊற்றித் தருவது. இரண்டு கிண்ணம் காலி செய்துவிட்டு, "இதை எனக்குக் கற்றுக்கொடு" என்றேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் நேராக மாடிக்குப் போய்விடுவேன். நான் வேலை செய்வது ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில், தரப் பரிசோதனையில். நாள் முழுக்க அடுத்தவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிக்கும் வேலை. குல்னோராவின் சமையலறையில் அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடிவைக்க வேண்டும். எனக்கோ பொறுமை இல்லை. துணியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன்.

"மாவு தூங்குதுக்கா. எழுப்பாத."

பிசையும்போது என் தோள்பலத்தைக் காட்டினால், "இன்னாக்கா இப்டி குத்திக்கினு கீற? அது உன்ன இன்னா பண்ணுச்சி?" என்பாள்.

நான் இழுத்த முதல் லக்மான் மாடு கட்டும் கயிறு கனத்துக்கு இருந்தது. தைமூர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். (அவர் பேசமாட்டார் என்று சொன்னேனே, அதை அன்றைக்குத்தான் ஒரு நல்ல குணமாக மதித்தேன்.) போகப்போகக் கயிறு சணலாகி, சணல் நூலானது. இழுத்த மாவை இரண்டு கையிலும் வளையமாகச் சுற்றி, விரித்து, மேஜைமேல் 'சடார்' என்று அடிக்கும் கட்டத்துக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் அவள் இரண்டே விஷயம் சொல்லியிருந்தாள். கை தோளுக்குமேல் போகக்கூடாது. எக்காரணம் கொண்டும் முனைகளை விடக்கூடாது. இரண்டாவதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் என் தம்பி ஜெகனுக்கு அனிதாவின் வரன் வந்தது. பொன்னேரி பக்கத்து ஆரணிக்காரர்கள். அனிதா காக்களூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. அவளுடைய அப்பாவுக்குத்தான் தயக்கம். "பெரியவங்க இல்லாத ஊடு, எப்டி இருக்குமோ" என்று யாரிடமோ சொன்னாராம். எங்கள் அப்பாவும் அம்மாவும் தவறிய பிறகு ஜெகனுக்கு எல்லாமே நான்தான். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. வரட்டும், வீடென்றால் என்னவென்று காட்டுகிறேன் என்று சபதமே எடுத்துக்கொண்டு அவர்களை விருந்துக்குக் கூப்பிட்டேன்.

"அக்கா, பேசாம பிரியாணி பண்ணிரு" என்று ஜெகன் கெஞ்சினான். பிரியாணியை யார் வேண்டுமானாலும் பண்ணுவார்கள், லக்மான்தான் என்றேன்.

அவர்கள் வந்த மத்தியானம் கரண்ட் இல்லை. அனிதாவும் கூடவே வந்திருந்தாள். "நான் இருக்கப்போற ஊட்ட நான் பாக்கவேணாமா?" என்று அப்பாவிடம் சண்டை போட்டு வந்தாளாம். குல்னோரா உள்ளே குழம்பைப் பார்த்துக்கொண்டாள். மாவை இழுப்பதைச் சமையலறையில் செய்தால் யார் பார்ப்பார்கள்? ஹாலுக்கு நடுவே மேஜையைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அனிதாவின் அப்பா, அந்த ஆரணிக்காரர், விசிறிக்குப் பதிலாகச் சர்ச் பத்திரிகையை வீசிக்கொண்டு என்னையே பார்த்தார். முதல் அடி, சடார். "அட!" என்றார். அந்த ஒரு 'அட' போதாதா? இரண்டாவது அடிக்குக் கை காதுவரை போனது. மூன்றாவதுக்குத் தலைக்குமேலே போனது. மாவு வளையம் அழகாக விரிந்து உயர்ந்து, ஃபேன் இறக்கையில் போய் மாட்டியது.

அந்த நொடியில் கரண்ட் வந்தது.

ஃபேன் முதலில் மெதுவாகத்தான் சுற்றியது. நானும் கூடவே சுற்றினேன், ஏனென்றால் முனைகளை விடவில்லை. மேஜையை ஒரு சுற்று நுனிக்காலில் வந்துவிட்டேன். "வுடுக்கா! வுட்ரு!" என்று குல்னோரா உள்ளேயிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். விட்டேன். அதற்குள் ஃபேன் வேகம் பிடித்துவிட்டது. மாவு துண்டுதுண்டாகப் பறந்தது. ஒன்று காலண்டரில் ஒட்டியது. ஒன்று ஜெகனின் புதுச்சட்டைமேல் மாலை மாதிரி விழுந்தது. எல்லாவற்றிலும் நீளமான ஒன்று ஆரணிக்காரரின் வழுக்கைத் தலையில் இறங்கி, மூக்குக்கண்ணாடி வழியாக எண்ணெய் சொட்டத் தொங்கியது.

பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தது அனிதாதான்.

நான் சமையலறைக்குள் ஓடிப்போய் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தம்பி வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்ற நினைப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. குல்னோரா என் முதுகைத் தட்டினாள்.

"மாவு இன்னும் கீதுக்கா. மூஞ்சிய தொட. அழுதுக்கினே பண்ணா உப்பு ஜாஸ்தி ஆயிடும்."

பின்னாலேயே அனிதா வந்து நின்றாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டியிருந்தாள். "எனக்கும் சொல்லிக்குடுங்கக்கா. ஆனா கீழ வெச்சி."

மூன்று பேரும் சேர்ந்து மீதி மாவை இழுத்தோம். நான் இழுத்ததிலேயே மெல்லிசான லக்மான் அன்றைக்கு வந்ததுதான். கை தோளுக்குமேல் போகவே இல்லை, அதனாலோ என்னவோ. ஃபேனைப் போட யாருக்கும் தைரியம் வராததால் எல்லாரும் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார்கள். ஆரணிக்காரர் ஒரு கிண்ணம் முடித்து, கிண்ணத்தை நீட்டினார். இரண்டாவதும் முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஊடுன்னா நாலு பேரு வந்தா பதறணும்மா. நீ பதறுன. பொண்ணு குடுக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன், கல்யாணத்தன்னிக்கு நான் குந்தற எடத்துல ஃபேன் கூடாது."

கல்யாணம் நடந்தது. அவரை ஜன்னலோரமாக உட்காரவைத்தோம். குல்னோராவும் தைமூரும் மிஷின் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். வீடியோவில் கூப்பிட்டு, நான் இழுத்த லக்மானைக் காட்டுவேன். போன மாதம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, என்னுதவிட மெல்லிசா கீது?" என்றாள். அந்த வார்த்தையை நான் சொல்லிக்காட்டாத ஆள் எங்கள் தெருவில் பாக்கியில்லை. கும்மிடிப்பூண்டியிலேயே லக்மான் இழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். (அனிதாவைச் சேர்த்தால் இரண்டு பேர். நான் சேர்ப்பதில்லை.)

ஆரணிக்காரர் மட்டும் மாறவே இல்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது போன கரண்ட் திரும்பி வந்தால், பேச்சை நிறுத்தாமலே இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொள்வார். அவரைப் பார்த்து ஜெகன் செய்தான், அப்புறம் அனிதா, அப்புறம் நானும். இப்போது ஜெகனின் மகளுக்கு ஒரு வயது. இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. போன வாரம் கரண்ட் போய் வந்தபோது, தவழ்ந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து, இரண்டு பிஞ்சுக் கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.