மூன்று மாதத்துக்கு உட்பட்ட துணிச்சல்

“இதுல துணிச்சல் பத்தல” என்று லூர்துபிரகாஷ் தாளை சரிதாவின் பக்கமே தள்ளினார்.

அவள் எழுதியிருந்தது இதுதான்: இங்கிலாந்து கால்பந்து லீக்கில் இந்த ஆண்டு புதிதாக மேலே வந்த டீம் ஒன்று முதல் பத்து இடத்துக்குள் வரும்.

“ஏன் சார்?”

“நடந்தாலும் நடக்கும்மா இது. நடக்கறதச் சொல்ல என்ன துணிச்சல் வேணும்?”

சரிதா அதை அடித்துவிட்டு வேறு எழுதினாள்: ஒரு கோல்கீப்பர் கோல் போடுவான்.

“இது நடக்கவே நடக்காது. இதுக்குப் பேரு கணிப்பு இல்ல, வேண்டுதல். வில்லியனூர் மாதாகிட்ட போய்ச் சொல்லு.”

கூட்டம் நடந்தது புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தின் நான்காம் பிரிவில், உணவு இடைவேளையில். பிரிவில் நான்கு பேர். நால்வரும் நண்பர்கள். ஆளுக்குப் பதினோரு ஆட்டக்காரர்களைப் போனில் பொறுக்கி டீம் கட்டுவார்கள். அங்கே அவர்கள் ஓட, இங்கே இவர்களுக்குப் புள்ளி ஏறும். சூப்பரின்டெண்ட் லூர்துபிரகாஷ்தான் லீக்கின் தலைவர். புள்ளிகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சீசனுக்கு முன் ஆளுக்கொரு துணிச்சலான கணிப்பு சொல்ல வேண்டும். அது பலித்தவருக்கு ஏ.சி.க்குக் கீழே உள்ள நாற்காலி. அதுதான் விஷயம்.

அறையில் ஒரே ஏ.சி. அதன் குளிர் ஒரே ஒரு நாற்காலியின் மேல் விழும், பிறகு களைத்துவிடும். போன வருடம் யாருடைய கணிப்பும் பலிக்கவில்லை. அப்படிப்பட்ட நேர்வுகளில் தற்போதைய நிலையே தொடரும் என்பதால் லூர்துபிரகாஷ் அதில் தொடர்ந்தார். சரிதாவின் இடம் ஜெராக்ஸ் மெஷினை ஒட்டி. மெஷின் மூச்சு விடும்போதெல்லாம் அவள் கழுத்தில் விடும். வந்த நாள் முதல் அவளுக்கு வேர்க்குரு ஆறியதில்லை.

“நடக்கறதும் கூடாது, நடக்காததும் கூடாதுன்னா எதத்தான் சார் சொல்றது?” என்றாள்.

கேள்வி நியாயமானது என்பதால் வரையறை தேவைப்பட்டது. நடக்காது என்று அனைவரும் நம்பத்தக்கதும், நடந்துவிட்டால் எவரும் மறுக்க இயலாததுமே துணிச்சல் எனக் கொள்ளப்பட்டது. அதன்படி சரிதாவின் கோல்கீப்பர் பட்டியலுக்குள் வந்தான்.

கிளார்க் கலைவாணன், தன் டீம் இந்த முறை கடைசி இடம் வராது என்று கணித்தான். எல்லா வருடமும் அவன்தான் கடைசி. இதுவரை வந்ததில் இதுவே மிகத் துணிச்சலானது என்று ஒருமனதாகப் பாராட்டினார்கள்.

நான்காமவன் யூஜின், ஒரு பிரெஞ்சுக் கோச் கோபித்துக்கொண்டு பாதியில் போய்விடுவார் என்றான்.

“அது கணிப்பு இல்லடா, வழக்கம்” என்றான் கலைவாணன்.

“அவுங்கள எனக்குத் தெரியும். எங்க மாமா அங்கதான் இருக்காரு.”

லூர்துபிரகாஷின் கணிப்பு: இதுவரை சாம்பியன் ஆகாத டீம் ஒன்று சாம்பியன் ஆகும். அதில் துணிச்சல் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

கலையும் நேரத்தில் யூஜின் ஒரு யோசனை சொன்னான். “இதுக்கெல்லாம் ஒரு கால வரம்பு வேணும் சார். மாமா பிரான்சுல எங்க போனாலும் பிறப்பு எக்ஸ்த்ரே, அதான் பிறப்புச் சான்று, கேக்கறாங்க. மூணு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும். பழசு செல்லாது.”

“பொறந்தது எப்படிடா பழசாகும்?” என்றான் கலைவாணன்.

“அதான் எனக்கும் தெரியல. ஆனா அங்க ஒழுங்கா நடக்குது பாரு.”

லூர்துபிரகாஷுக்கு அது பிடித்துப்போயிற்று. கணிப்பு எதுவாயினும் மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். சரிதாவும் கை தூக்கினாள். கை கழுவப் போகும் அவசரம்.

சீசன் தொடங்கியது. மழைக்காலம் வந்து போனது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியும் தறுவாயில், தோற்றுக்கொண்டிருந்த டீமின் கோல்கீப்பர் தன் இடத்தை விட்டு ஓடி வந்து, கார்னரில் பறந்து வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் சரிதா போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை அவள் குஷன், தண்ணீர் பாட்டில் சகிதம் ஏ.சி. நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

“என்னம்மா?” என்றார் லூர்துபிரகாஷ், எழுந்திருக்காமல்.

“கோல்கீப்பர் கோல் போட்டுட்டான் சார்.”

“பாத்தேன். நல்ல கோல். நீ எப்ப சொன்ன?”

“ஆகஸ்ட்ல.”

“அப்ப அது காலாவதி.”

“கெட்டுப் போறதுக்கு அது என்ன தேங்காய்த்திட்டு மீனா சார்?”

“நவம்பர்ல புதுப்பிச்சிருக்கணும்.”

“நவம்பர்ல சொன்னா சீசனுக்கு முன்னாடி சொன்னதாவுமா?”

“ஆவாது.”

“அப்ப எப்படிப் புதுப்பிக்கறது?”

“புதுப்பிக்க முடியாது. ஆனா புதுப்பிச்சிருக்கணும்.”

சரிதா யூஜினைப் பார்த்தாள். யூஜின் போனைப் பார்த்தான். அவள் குஷனை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிப் போனாள். அன்று முழுக்க யாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துத் தரவில்லை.

மார்ச் முடிவில் வெயில் ஏறியதும் கலைவாணனுக்கு இரக்கம் வந்தது. “பின்னேற்பு வாங்கலாமே சரிதா” என்றான்.

பின்னேற்பு என்றால், முதலில் செய்துவிட்டுப் பிறகு அனுமதி பெறுவது. அந்த ஏ.சி.யே அப்படி வந்ததுதான். முதலில் மாட்டினார்கள், பிறகு அனுமதி வந்தது, அதன் பிறகே அது தேவை என்று கண்டறியப்பட்டது.

“நவம்பர்ல புதுப்பிச்சதா இப்ப ஏத்துக்கலாம் சார். நம்ம ஆபீஸ்ல இல்லாத வழக்கமா?” என்றாள் சரிதா.

ஆபீஸ் வழக்கம் என்றதும் லூர்துபிரகாஷால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றார். அது நியாயம்தான் என்று சரிதாவும் சொன்னாள். அவள் சொன்னது அவ்வளவுதான்.

மே மாதம் சீசன் முடிந்ததும் நால்வரின் கணிப்புகளும் பின்னேற்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. கலைவாணனின் டீம் வழக்கம்போல் கடைசி. அவன் கணிப்பில் ‘வராது’ என்றிருந்தது எழுத்துப்பிழை எனத் தெரியவந்து ‘வரும்’ என்று திருத்தப்பட்டது. பிரெஞ்சுக் கோச் எவரும் வேலையை விடவில்லை. ஆனால் ஒருவர் கோபித்துக்கொண்டு பாதி ஆட்டத்தில் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனார். போவார் என்றுதானே சொன்னேன், எங்கே என்று சொன்னேனா என்றான் யூஜின். சாம்பியன் ஆனது ஏற்கெனவே பலமுறை ஆன டீம். லூர்துபிரகாஷ் அமைதியாக விளக்கினார்: “இதுவரைன்னா, இந்த வருஷத்துல இதுவரைன்னு அர்த்தம்.” இந்த வருடத்தில் அது முன்பு சாம்பியன் ஆனதில்லை என்பதை எவரும் மறுக்க இயலவில்லை.

“நான் சொன்னது மட்டும்தான் நெசமா நடந்துச்சு” என்றாள் சரிதா.

“யாரும்மா இல்லன்னா? உன்னுதும் பலிச்சுது, எங்களுதும் பலிச்சுது.”

வெற்றியாளர்கள் நால்வர், நாற்காலி ஒன்று. முடிவெடுக்கும்வரை அதில் எவரும் உட்காரலாகாது என்று தீர்மானமாயிற்று. லூர்துபிரகாஷ் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். வெளியே அக்னி நட்சத்திரம். நால்வரும் ஃபைல் அட்டையால் விசிறிக்கொண்டார்கள். ஏ.சி. அனுமதிக்கப்பட்ட வேகத்தில் காலி நாற்காலியைக் குளிர வைத்தது.

முடிவெடுக்கும் கூட்டம் தினமும் நடந்தது. குலுக்கல் போடலாம் என்றான் கலைவாணன். குலுக்கினால் துணிச்சலுக்கு மரியாதை என்ன என்றான் யூஜின். சரிதா வாயைத் திறக்கும்போது, காலாப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்த மணியம்மாள் என்ற பெண் அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் கவர்.

“வீட்டுக்காரரு செத்த சான்றும்மா. உதவித்தொகைக்குக் கேட்டாங்க.”

சரிதா வாங்கித் தேதியைப் பார்த்தாள். ஒரு கண் கூட்டத்தின் மேலேயே இருந்தது.

“இது பழசும்மா. மூணு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்.”

“அவரு செத்தே ஒரு வருசம் ஆவுதும்மா.”

“அது சரி. சான்று புதுசா வேணும்.”

“புதுசா எடுத்தாலும் அவரு செத்தவராத்தானே இருப்பாரு?”

“அத நாங்க முன்கூட்டியே சொல்ல முடியாதும்மா” என்று கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சரிதா திரும்பினாள். “சார், நெசமா பலிச்சவங்களுக்கு நாற்காலி முதல் மூணு மாசம்னு வைங்க.”

“நெசம்னா என்னன்னு முதல்ல ஒரு வரையறை வேணும்” என்றார் லூர்துபிரகாஷ்.

மணியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். அறையில் ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்து, கவரை மடியில் வைத்து, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.