ஐஸ் எந்திரத்தின் வார விடுமுறை

டோங்காவின் ஃபோனுலேவா தீவில் ஐஸ் எந்திரம் ஒன்று நிறுவப்பட்டு, கூரை முழுக்க சோலார் பலகை பதிக்கப்பட்டு, குழாயும் இணைக்கப்பட்டு, பச்சைப் பொத்தானை அழுத்துவது மட்டுமே பாக்கி என்ற நிலையில் மூன்று வாரமாக மிக நல்ல முறையில் இருந்துவந்தது.

அழுத்தியிருக்கலாம். அன்று சாமிசோனியின் விரல் பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அது டோங்காவின் எந்திரம் மட்டுமல்ல. டோங்கா, சமோவா, நியூவே என்ற மூன்று அண்டை நாடுகளும் சேர்ந்து, வெயிலைப் பயன்படுத்துவதில் ஒன்றுபட வேண்டும் என்று டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவில் ஆற்றல் ஒத்துழைப்பு நடுவம் ஒன்றைத் தொடங்கியிருந்தன. வெயில் ஏற்கெனவே ஒன்றுபட்டுத்தான் இருந்தது, நாடுகள்தான் பாக்கி. மூவர் சேர்ந்து வைத்த எந்திரத்தை ஒருவர் மட்டும் ஓடவிட்டால் அது ஒத்துழைப்பு ஆகாது என்பது நடுவத்தின் விதி. ஆகவே நடுவத்தின் தொழில்நுட்ப அலுவலரான சாமிசோனி, பொத்தானின் மேல் ஒரு காகித முத்திரையை ஒட்டிவிட்டு, படிவம் பதினான்கை நிரப்பத் தலைநகருக்குத் திரும்பினார்.

அதில் முப்பத்தொரு கேள்விகள். ஒன்பதாவது, எந்திரம் வாரத்தில் எத்தனை நாள் இயங்கும் என்பது. சாமிசோனி யோசிக்காமல் 'ஏழு' என்று எழுதினார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அவர் யோசிக்காமல் எழுதிய ஒரே எண் அதுதான்.

இரண்டு நாளில் இயக்குநர் அதுனைசா கூப்பிட்டனுப்பினார். ஆற்றல் சேமிப்பைப் பரப்பும் அலுவலகம் என்பதால் அங்கே ஏசி நாள் முழுக்க நடந்துகொண்டிருந்தது. இயக்குநர் டோங்கா முறைப்படி இடுப்பில் பாய் சுற்றி, குளிருக்காக மேலே கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

"ஏழுன்னு எழுதியிருக்கீங்களே, சாமிசோனி."

"ஆமாங்க ஐயா. வாரத்துக்கு ஏழு நாள்தானே."

"அதுல ஒண்ணு ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு இந்த நாட்டுல யாரும் வேலை பாக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு."

"வேலை பாக்கறது எந்திரம்தானே ஐயா?"

"எந்திரத்தை வெச்சது யாரு?"

"நாமதான்."

"அப்ப நம்ம வேலையைத்தானே அது பாக்குது?"

சாமிசோனி சற்று யோசித்தார். "ஞாயித்துக்கிழமை காலையில உமுக் குழியில பன்னியும் கிழங்கும் வெச்சு மண்ணைப் போட்டு மூடிட்டுத்தான் எல்லாரும் சர்ச்சுக்குப் போறோம். நாம பாட்டு பாடற நேரத்துல அது தானா வேகுது. ஐஸும் அப்படித்தானே ஐயா?"

"உமு சாப்பாடு. ஐஸ் தொழில்."

"சூரியன்?"

"சூரியன் கடவுளோட ஆளு. அது நம்ம சட்டத்துல வராது. பலகை மேல வெயில் படறதையும் ஓய்வுன்னே வெச்சுக்கலாம், மனுஷன் வெயில்ல உக்காந்திருக்கற மாதிரி. ஆனா பலகையில இருந்து கரண்டு கிளம்பி கம்பிக்குள்ள நடக்குது பாருங்க, அங்கதான் வேலை ஆரம்பிக்குது."

இதற்கு எதிர்வாதமே இல்லையா, அல்லது தன்னிடம்தான் இல்லையா என்று சாமிசோனி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய சுபாவம் அது.

விஷயம் வெறும் எண் அல்ல. ஃபோனுலேவாவுக்கு வாரம் ஒரு படகு, திங்கட்கிழமை காலையில். திங்கள் முதல் சனி வரை பிடித்த மீன் எல்லாம் அதில்தான் தலைநகருக்குப் போக வேண்டும். அந்தந்த நாள் வெயிலுக்கு அந்தந்த நாள் ஐஸ் என்பதுதான் எந்திரத்தின் கணக்கு. ஞாயிறு ஐஸ் இல்லை என்றால் சனிக்கிழமை வரை சேர்த்த மீன் மொத்தமும் ஞாயிறு மத்தியானமே நாறிவிடும். தலைநகரின் கடற்கரை ஹோட்டல் ஒன்று, வரும் மாதத்திலிருந்து தீவின் மீன் முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. இரண்டு தடவை கெட்ட மீன் வந்தால் வேறு தீவைப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லியிருந்தது. அந்தப் பேச்சை முடித்துக் கொடுத்தது சாமிசோனியின் அக்கா லோசேலி.

அக்கா அவரிடம் நேரில் எதுவும் கேட்கவில்லை. டோங்காவில் அக்காவின் சொல்லைத் தம்பி தட்டவே முடியாது. அதனாலேயே நல்ல அக்காமார்கள் கேட்பதில்லை. அவள் புருஷன் கலியோபாசிதான் போன் பண்ணினார்.

"என்ன மாப்ள, ஐஸ் உறைஞ்சுதா?"

"கோப்பு நகர்ந்துட்டிருக்கு மச்சான்."

"கோப்பு நகருதா? நல்லது. மீன்கிட்ட சொல்லி வெக்கறேன், அதுவரைக்கும் சாவாம இருங்கன்னு."

"ஞாயித்துக்கிழமையில ஒரு சிக்கல்."

"எங்களுக்கு எந்தக் கிழமையிலயும் சிக்கல் இல்ல. பொத்தான்ல ஒரு காகிதம் ஒட்டிட்டுப் போயிருக்கியே, அதான் சிக்கல்."

"அக்கா என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. அவ ஒண்ணும் சொல்லலைங்கறதைத்தான் உங்கிட்ட சொல்லச் சொன்னா."

விஷயம் மூன்று நாடுகளின் கூட்டுக் குழுவுக்குப் போனது. வீடியோ கூட்டம் போட நாள் பார்ப்பதே ஒரு வேலை. டோங்காவுக்கும் நியூவேக்கும் நடுவே தேதிக்கோடு போகிறது. இங்கே மணி பத்து என்றால் அங்கேயும் பத்துதான். ஆனால் அங்கே நேற்று. இங்கே சனிக்கிழமை விடுமுறை என்றால் அங்கே வெள்ளிக்கிழமை வேலை நாள். இங்கே திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் அங்கே ஞாயிறு, எல்லாரும் சர்ச்சில். ஒருவழியாக ஒரு புதன்கிழமையைப் பிடித்தார்கள். நியூவே பிரதிநிதி மோகா அம்மையார் திரைக்குள் செவ்வாய்க்கிழமையில் உட்கார்ந்திருந்தார். சமோவாவின் லெயிலுவா புதன்கிழமையிலேயே இருந்தார். அவர்தான் குழுவின் ஆற்றல் சேமிப்பு நிபுணர், சட்டையில் இலை வடிவப் பச்சை வில்லை குத்தியிருந்தார். அந்த வருஷம் மூன்று நாடுகளிலும் அந்த வில்லைதான் நாகரிகம். அது இல்லாமல் யாரும் ஏசி அறைக்குள் நுழைவதில்லை.

வழி சொன்னது மோகாதான்.

"உங்க ஞாயித்துக்கிழமை எங்களுக்கு சனிக்கிழமைதானே? எந்திரத்தை நியூவே தேதியில பதிவு பண்ணிடுங்க. உங்க ஊர்ல நிக்கட்டும், எங்க நாள்ல ஓடட்டும். இதைவிட என்ன ஒத்துழைப்பு வேணும்?"

அறை முழுக்க மகிழ்ச்சி பரவியது. சாமிசோனிக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது.

"ஒரு நிமிஷம்," என்றார் லெயிலுவா. "நாங்க தேதிக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வரணும்னு ஒரு முழு வெள்ளிக்கிழமையையே தூக்கிப் போட்டவங்க. அந்த வருஷம் எங்க ஜனங்க ஒரு நாள் வாழவே இல்ல. ஒரு பெட்டி மட்டும் நினைச்சப்ப அந்தப் பக்கம் போகலாமா?"

"பெட்டி போகல, தேதிதான் போகுது," என்றார் அதுனைசா.

"சரி, போகட்டும். ஆனா நியூவே தேதியில இருந்தா நியூவே ஞாயித்துக்கிழமைக்கும் மரியாதை குடுக்கணும். அது உங்களுக்குத் திங்கள்."

"கண்டிப்பா," என்றார் மோகா. "எங்க ஊர்லயும் ஞாயித்துக்கிழமை வேலை கிடையாது."

"அப்ப திங்கட்கிழமை நிறுத்தி வெக்கணும்," என்றார் அதுனைசா. "ஆனா எந்திரம் நிக்கறது டோங்கா மண்ணுல. அதனால டோங்கா ஞாயித்துக்கிழமையையும் அவமதிக்க முடியாது."

"ரெண்டு நாளும் நிறுத்திடலாமே," என்றார் லெயிலுவா.

ஏகமனதாக நிறைவேறியது. ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டும் என்பதற்காகக் கூடிய குழு, ஞாயிறோடு திங்களையும் சேர்த்து நிறுத்திவிட்டுக் கலையப்போகும் நேரத்தில்தான் லெயிலுவா கணக்குப் போட்டார்.

"கவனிச்சீங்களா? ஒரு நாள் நிறுத்தினா நூத்துக்குப் பதினாலு பங்கு ஆற்றல் மிச்சம். ரெண்டு நாள்னா இருபத்தெட்டு. இந்தப் பகுதியிலயே எந்த எந்திரமும் இவ்வளவு சேமிச்சதில்ல."

"இன்னொரு நாள் நிறுத்தினா?" என்று கேட்டார் அதுனைசா.

"நாப்பத்திரண்டு."

சாமிசோனி தொண்டையைச் செருமினார். "ஏழு நாளும் நிறுத்தினா நூறுங்க ஐயா."

கசப்பில் சொன்ன சொல். ஆனால் திரையில் இருவரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதைத்தான் நான் உங்ககிட்ட எதிர்பார்த்தேன்," என்றார்.

அன்று எடுத்த தீர்மானம் இது: எந்திரத்தின் ஆற்றல் சேமிப்பை முறையாக அளக்கும்பொருட்டு, முதல் ஆறு மாதத்துக்கு அதை ஓட்டாமல் வைத்து, ஓடாத நிலையில் அது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று மாதாமாதம் அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை எழுதும் பொறுப்பு சாமிசோனிக்கு.

அவர் எழுதினார். ஓட்ட அனுமதி இல்லாத எந்திரத்தின் மீட்டரைப் போய்ப் பார்ப்பதற்குப் படிவம் இல்லை என்பதால் அலுவலகத்திலிருந்தே எழுதினார். மாதாமாதம் பூஜ்யம். எழுதும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டார்: இது பொய்யா? இல்லை. அப்படியானால் ஏன் கூசுகிறது? ஒரு போன் போட்டு, "மச்சான், காகிதத்தைக் கிழிச்சுட்டு அழுத்து" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. கலியோபாசியின் போனும் கூட்டம் முடிந்த அடுத்த வாரத்தோடு நின்றுபோயிருந்தது. ஹோட்டல் கைவிட்டிருக்கும், அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள் என்று எண்ணி, அந்த ஹோட்டல் இருக்கும் தெரு வழியாகப் போவதையே சாமிசோனி விட்டுவிட்டார்.

ஆறு மாதம் முடிந்தது. மூன்று நாடுகளிலும் மிகக் குறைந்த ஆற்றலில் இருக்கும் எந்திரம் எது என்று போட்டி வைத்தார்கள். ஃபோனுலேவா ஐஸ் எந்திரம் முதல் பரிசு பெற்றது. இரண்டாம் பரிசு பெற்ற விளக்கு சில சமயம் எரிந்துவிட்டது.

பரிசளிக்க அதுனைசாவும் லெயிலுவாவும் மோகாவும் நேரிலேயே கிளம்பினார்கள். வழிகாட்டச் சாமிசோனி. துறையில் விசாரித்ததில், சனிக்கிழமை ஃபோனுலேவாவுக்குப் படகு இருக்கிறது என்றார்கள். சனிக்கிழமை போய், திங்கட்கிழமைப் படகில் திரும்புவது என்று முடிவாயிற்று. அவர்களை இறக்கிவிட்டுப் படகு ஏதேதோ பெட்டிகளை ஏற்றிக்கொண்டு உடனே போய்விட்டது. சாயங்காலம் விழா. எந்திரம் சத்தமில்லாமல் நின்றது. லெயிலுவா குனிந்து முத்திரையைப் பார்த்தார், கிழியவில்லை. கலியோபாசி தீவின் சார்பில் கேடயத்தை வாங்கிக்கொண்டு மிகுந்த பணிவோடு தலை குனிந்தார். மறுநாள் ஞாயிறு. சர்ச், உமு, தூக்கம். எந்திரம் அன்றும் ஓடவில்லை. மூன்று நாடுகளும் திருப்தியாகத் தூங்கின. அக்கா எதிரில் வராமல் சாப்பாடு மட்டும் அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை நால்வரும் பெட்டியோடு துறையில் நின்றார்கள். வெயில் ஏறியது. கலியோபாசி ஒரு கூடை இளநீரோடு வந்தார்.

"யாருக்குக் காத்திருக்கீங்க?"

"படகுக்கு."

"அது சனிக்கிழமைதான் வரும்."

"திங்கட்கிழமைப் படகு?" என்றார் அதுனைசா.

"அது போயி ஆறு மாசம் ஆகுதுங்க. ஞாயித்துக்கிழமை மீன் தாங்கலைன்னு, சனிக்கிழமை வர்றியான்னு லோசேலி படகுக்காரனைக் கேட்டா. சரின்னுட்டான்."

"எந்தக் குழு முடிவு பண்ணிச்சு?"

"அவன் ஒரே ஆளுதாங்க."

சாமிசோனி மெல்லக் கேட்டார். "அப்ப ஹோட்டல்?"

"வாராவாரம் எடுக்குது. நீ அந்தப் பக்கமே வர்றதில்லையாமே, சமையல்காரன் சொன்னான்."

"எனக்கு ஏன் மச்சான் சொல்லல?"

"உனக்குச் சொன்னா நீ எழுதிடுவியே. உங்க அக்கா ஒண்ணு மட்டும் கேக்கச் சொன்னா. ஞாயித்துக்கிழமை நாங்களே எந்திரத்தைத் தொட மாட்டோம், அது பாவம். ஏழு நாள்னு யாரைக் கேட்டு எழுதின?"

யாரையும் கேட்கவில்லை. சாமிசோனி கடலைப் பார்த்தார். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு உறுமல் கிளம்பி, சீரான முனகலாக மாறியது.

"என்ன சத்தம் அது?" என்றார் லெயிலுவா.

"எந்திரம்."

"ஓடுதா? முத்திரை கிழியலையே!"

"காகிதம்தானே. அது மேலயே அழுத்தினா பொத்தான் அமுங்குதுங்க."

"அப்ப அது ஆறு மாசமா ஓடிட்டிருக்கு," என்றார் அதுனைசா, ஒவ்வொரு சொல்லாக.

"ஓடலையே ஐயா," என்றார் கலியோபாசி. "ஓடாததுக்குத்தானே முந்தாநாள் பரிசு குடுத்தீங்க."

"எங்க ஊர்ல இன்னிக்கு ஞாயித்துக்கிழமை," என்று மோகா தனக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த படகுக்கு ஐந்து நாள் இருந்தது. நிழலுக்கு ஒரே ஒரு மரம். கலியோபாசி இளநீரைக் கோப்பைகளில் ஊற்றி, ஆளுக்கு ஒரு கை ஐஸ் அள்ளிப் போட்டு நீட்டினார். முதலில் மோகா வாங்கிக்கொண்டார். பிறகு லெயிலுவா, கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டு. அதுனைசா கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் வாங்கிக்கொண்டார்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அவர் கூட்டத்தைத் தொடங்கினார். இங்கே தங்கும் ஐந்து நாளும் கள ஆய்வு என்று கருதப்படும். ஃபோனுலேவாவில் கண்ட வெற்றியை முன்னிட்டு, இதே போல் ஓடாத ஐஸ் எந்திரங்கள் இன்னும் பதினோரு தீவுகளில் நிறுவப்படும். தொடர்ந்து பூஜ்யம் எழுதி அனுபவம் பெற்ற சாமிசோனி எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பார்.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார்.

சாமிசோனி நிமிர்ந்தார். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் நிமிர்ந்தார். ஆனால் அதற்குள் ஒரு பெரிய மடக்கு குடித்திருந்தார். எல்லார் வாயிலும் ஐஸ் இருந்தது.