அக்கரை மிதவை

ஹெய்மோ ஏரிக்கரைப் படகுத்துறையின் பலகைமேல் குப்புறப் படுத்து, தொலைநோக்கியைக் கண்ணில் அழுத்திக்கொண்டிருந்தார். அவருடைய கழுத்தில் ஒரு கொசு பந்தியில் உட்கார்ந்ததுபோல நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. அசைந்தால் எதிர்க்கரைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

"இன்னிக்கு என்ன தெரியுது?" என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி மார்கெத்தா. கையில் மீன் வாளி.

"மெதுவாப் பேசு. தண்ணி மேல சத்தம் போகும்."

"எதுக்குங்க இந்தப் பாடு? படகை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயி, 'மிதவையை எப்படிச் செஞ்சீங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது."

ஹெய்மோ தொலைநோக்கியை இறக்கி மனைவியைப் பார்த்தார். பின்லாந்தில் பிறந்து வளர்ந்தவள் பேசுகிற பேச்சா இது? அந்த மனிதர் எதிர்க்கரையில் கோடைக்குடில் வாங்கி மூன்று கோடைதான் ஆகிறது. இதுவரை இரண்டு பேரும் தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள், அதுவும் தப்பிக்க வழியில்லாதபோது. அதற்கு மேல் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்ய இன்னும் பத்து வருடமாவது பழக வேண்டாமா?

"பேர்கூடத் தெரியாத மனுஷன்கிட்ட போயி என்னன்னு பேசறது?"

"பேரைக் கேட்டுட்டுப் பேசறது."

"உனக்குப் புரியாது," என்று சொல்லிவிட்டு மறுபடி குப்புறப் படுத்தார்.

புரியாமல் என்ன? மார்கெத்தாவுக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. ரிமோட்டில் ஓட்டும் பொம்மை விமானங்களுக்காக ஹெய்மோ சேர்ந்திருந்த சங்கத்தில் செயலாளர் பதவிக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. வருடாந்தரக் கூட்டத்தில் தலைவர் பென்ட்டி, "யாருப்பா செயலாளர்?" என்று கேட்டால், அத்தனை பேரும் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்துவிட்டவர்கள் மாதிரி குனிந்து பார்ப்பார்கள். நகராட்சிக்கு மனு எழுதுவது, சத்தம் என்று புகார் சொல்கிறவர்களைச் சமாதானப்படுத்துவது, காப்பித்தூள் தீர்ந்தால் திட்டு வாங்குவது எல்லாம் செயலாளர் வேலை. அதனால் ஒரு மரபு வைத்திருந்தார்கள். ஆகஸ்டில், சக்கரத்துக்குப் பதில் மிதவை மாட்டித் தண்ணீரிலிருந்து கிளப்பும் மிதவை விமான நாளில் எவருடைய விமானம் தண்ணீரை விட்டு எழவில்லையோ, அவரே அடுத்த வருடச் செயலாளர். ஹெய்மோ இப்போது மூன்றாவது முறையாக அந்தப் பதவியை அலங்கரித்துக்கொண்டிருந்தார். போன குளிர்காலம் முழுவதும் மார்கெத்தா சங்கத்தின் காகிதங்களுக்கு நடுவே தட்டை வைத்துச் சாப்பிட்டாள்.

மற்றவர்கள் எல்லோரும் கடையில் மிதவை வாங்கினார்கள், மாட்டினார்கள், பறந்தார்கள். ஹெய்மோவும் வாங்கியிருக்கலாம். ஆனால் நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் சங்கத்தில் 'செலவில்லாமல் மிதவை செய்வது எப்படி' என்று ஒரு சொற்பொழிவு ஆற்றித் தொலைத்திருந்தார். "கடைல போயி மிதவை வாங்கறவன் தண்ணிக்கும் காசு குடுப்பான்" என்று அதில் ஒரு வரி வேறு. கைதட்டல் பலமாக இருந்தது. அந்தச் சொற்பொழிவு நடந்தபோது அவர் ஒரு மிதவைகூடச் செய்திருக்கவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவர் கடைக்குப் போக முடியுமா? கடைக்காரனே சங்கத்து ஆள்.

எனவேதான் இந்தத் தொலைநோக்கி. எதிர்க்கரைக்காரரும் வீட்டிலேயே மிதவை செய்கிறவர். நீலத் தெர்மாகோல் பலகையை அறுத்து, இழைத்து, துறையில் காயவைப்பார். பிறகு விமானத்தில் மாட்டித் தண்ணீரில் விடுவார். அது ஏரி நடுவிலிருந்த தீவுக்குப் பின்னால் ஓடி மறையும். விர்ரென்ற சத்தம் உச்சத்துக்கு ஏறும். சிறிது நேரம் கழித்து விமானம் தண்ணீர்மேல் சமர்த்தாகத் திரும்பி வரும். நடுவில் என்ன நடந்திருக்கும்? பறந்திருக்கும். வேறென்ன?

ஹெய்மோவின் ஒத்திகை மட்டும் படகுக் கொட்டகைக்குப் பின்னால், நாணல் சூழ்ந்த சின்ன விரிகுடாவில் நடந்தது. அவமானப்படுவதை அந்நியர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஒத்திகை முடிந்ததும், மிதவைகளைத் துறையின் நுனிக்குக் கொண்டுவந்து, இப்போதுதான் மேகத்திலிருந்து இறங்கியதுபோல வெயிலில் வைப்பார்.

"அட! படியைப் பின்னால தள்ளியிருக்கார்!" என்று ஹெய்மோ கூவினார்.

மிதவையின் அடிப்பாகத்தில் ஒரு படி வெட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் வேகம் பிடித்ததும் தண்ணீர் பிடியை விடும். இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். எதிர்க்கரைக்காரர் அந்தப் படியை இரண்டு விரல் பின்னால் நகர்த்தியிருந்தார். அன்று சாயங்காலமே ஹெய்மோவும் நகர்த்தினார். விமானம் விரிகுடாவில் சீறிக் கிளம்பி, தாகமெடுத்த மாடுபோல மூக்கைத் தண்ணீருக்குள் விட்டது.

"கிட்டத்தட்ட எழும்பிடுச்சு," என்றார் மனைவியிடம்.

"பார்த்தேன். வாலு எழும்பிச்சு."

ஹெய்மோ யோசித்தார். மிதவையின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால்தான் தண்ணீர் பிடித்து இழுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். கொட்டகையில் பாதி டப்பா சிவப்பு ஸ்பிரே பெயிண்ட் கிடந்தது. காசு செலவில்லை. அடித்தார். பளபளவென்று இரண்டு சிவப்பு மிதவைகள். பார்க்கவே நெஞ்சு நிறைந்தது. எதிர்க்கரைக்காரரும் நம்முடைய தொழிலைக் கொஞ்சம் பார்க்கட்டும் என்று துறை நுனியில் பந்தாவாக வைத்துவிட்டு, காப்பி குடிக்க உள்ளே போனார்.

காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் முடிந்து திரும்பியபோது, பெயிண்ட் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த தெர்மாகோலைத்தான் காணவில்லை. பெயிண்ட் பட்டுக் கரைந்த மிதவைகள் பல் போன கிழவரின் கன்னம் மாதிரி உள்வாங்கியிருந்தன.

"இதைச் சொற்பொழிவுல சொன்னீங்களா?" என்று மார்கெத்தா கேட்டாள்.

ஹெய்மோ நீராவிக் குளியலுக்கான சவுனாத் துண்டைப் போட்டு மிதவைகளை மூடி, ஏதோ சவத்தைத் தூக்குவதுபோல உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

விமான நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அப்போதுதான் எதிர்க்கரையில் அந்த அதிசயம் தென்பட்டது. புது மிதவைகள். ஒவ்வொன்றின் உட்புறத்திலும், சரியாக நடுவில், பிறைபோல ஒரு பெரிய வளைவு வெட்டப்பட்டிருந்தது.

ஹெய்மோ பலகைமேல் எழுந்து உட்கார்ந்தார். "மார்கெத்தா! ஓடி வா! இதைப் பாரு!"

அவள் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தாள். "எலி கடிச்சிருக்குமோ?"

"எலியாம் எலி! ரெண்டு மிதவையிலயும் ஒரே அளவுல கடிக்கிற எலி எந்த ஊர்ல இருக்கு?"

"இல்லைங்க... அந்த வளைவை எங்கயோ பார்த்த மாதிரியும் இருக்கு."

"விமானப் படையில வெச்சிருப்பாங்க. பத்திரிகையில பார்த்திருப்ப."

இதற்கு மேல் அவளிடம் பேசிப் பயனில்லை என்று வீட்டுக்குப் பின்னாலிருந்த மரக் கழிப்பறைக்குப் போனார். ஹெய்மோவுக்கு மூளை வேலை செய்வது அங்கேதான். வாசற்கதவைத் திறந்துவைத்து, பிர்ச் மரங்களைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்து சிந்தித்தார். வெளியே வரும்போது முகத்தில் ஒளி தெரிந்தது. அந்த வளைவுக்குள் காற்று நுழைகிறது. நுழைந்து தண்ணீரின் பிடியை உடைக்கிறது. இரண்டு மிதவைக்கும் நடுவே காற்று ஒரு தலையணைபோல விமானத்தைத் தூக்குகிறது. என்ன ஒரு மூளை! இப்படிப்பட்ட ஆளுக்கு எதிரே குடியிருக்கிறோம் என்பதே அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு குறை. வெட்டுவதற்குத் தெர்மாகோல் மிச்சமில்லை. கடையில் ஒரு பலகை வாங்கினால் செலவில்லாத மிதவை என்ற கொள்கை செத்துப்போகும். கண்கள் கொட்டகையைச் சுற்றின. மார்கெத்தாவின் பழைய படகில் வந்து நின்றன. அதன் இருக்கைப் பெட்டிகளுக்குள் தெர்மாகோல் அடைத்திருந்தது. எவனோ தொழிற்சாலையில் வேலையற்றுப்போய் அடைத்து வைத்திருக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கி எடுத்தார்.

ரொட்டிக் கத்தியால் வளைவு வெட்டினார். கொஞ்சம் தாராளமாகவே வெட்டினார். விரிகுடாவில் விட்டபோது அந்த வளைவு தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தது. விமானம் தலைசுற்றியதுபோல ஒரு வட்டம் போட்டு, நடுத் தண்ணீரில் நின்றுவிட்டது.

எடுத்துவரப் படகில் ஏறினார். படகில் பல வருடமாக ஒரு விரிசல் உண்டு. தண்ணீர் கொஞ்சம் வரும்; இருக்கைக்குள் இருந்த தெர்மாகோல் படகை முழுகவிடாது, மார்கெத்தா டப்பாவால் இறைத்துக்கொள்வாள். இன்று ஹெய்மோ விமானத்தை எட்டிப் பிடித்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. படகு மரியாதையாக அவரை நிற்கவைத்துவிட்டுத் தான் மட்டும் கீழே போனது.

மார்கெத்தா நாணலருகே வந்து பார்த்தபோது, மார்பளவு தண்ணீரில், விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கணவர் நின்றிருந்தார்.

"என் படகு எங்க?"

"கீழதான் இருக்கு. எங்கயும் போகல."

"இருக்கைக்கு அடியில இருந்த தெர்மாகோல்?"

ஹெய்மோ தலைக்கு மேலே பார்த்தார். அவளும் பார்த்தாள். பிறகு அவள் சத்தம் போடவே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இந்த வருஷமும் நீங்க செயலாளரா வந்தா," என்று அமைதியாகச் சொன்னாள், "உங்க காகிதத்தோட நீங்க இந்தக் குடில்லயே குளிர்காலத்தைக் கழிக்கலாம். நான் டவுன்ல எங்க அக்கா வீட்டுல இருந்துக்கறேன். படகும் இல்ல, மீனும் இல்ல, சாப்பாட்டு மேசையும் இல்ல. எனக்கு இங்க என்ன வேலை?"

விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல அவள்.

விமான நாளன்று சங்கத்தின் கரையில் சாசேஜ் மணத்தது, வெயிலும் அடித்தது. கடை மிதவைகள் ஒவ்வொன்றாக எழுந்து பறந்தன. ஹெய்மோவின் முறை வந்தது. அவருடைய விமானம் முழு வேகத்தில் கரையோரம் போனது, வந்தது, மறுபடியும் போனது. தண்ணீரில் ஆழமாகச் சால் விழுந்ததே தவிர ஒரு சாண் உயரவில்லை.

"ஹெய்மோ, நல்லா உழுதிருக்கய்யா!" என்று யாரோ கத்தினார். "விதைக்க எப்ப வரட்டும்?"

"அவரை விடுங்கப்பா, சொற்பொழிவாளர்!"

தலைவர் பென்ட்டி வந்து தோளில் கை வைத்தார். "வருத்தப்படாதய்யா. நாலாவது வருஷம். உன்ன மாதிரி அனுபவசாலி எங்களுக்குக் கிடைப்பானா?"

மார்கெத்தா பையிலிருந்து போனை எடுத்தாள். அக்காவுக்குத்தான்.

அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய ஆளின் கையில் விமானம். விமானத்தில் பிறை வளைவு வெட்டிய மிதவைகள். எதிர்க்கரைக்காரரேதான்!

"புது உறுப்பினர், கௌகோ," என்று பென்ட்டி அறிமுகம் செய்தார். "நேத்து போன்ல சேர்ந்தாரு. கௌகோ, நம்ம மரபு தெரியுமில்ல? எழும்பாதவர்தான் செயலாளர். ரெண்டு பேருக்கு எழும்பலன்னா, புதுசா வந்தவருக்குத்தான் பதவி."

எல்லோரும் சிரித்தார்கள். கௌகோ மட்டும் எச்சில் விழுங்கினார். ஹெய்மோவும் சிரிக்கவில்லை. தீவுக்குப் பின்னால் தினமும் பறக்கிற மேதைக்கு அந்த விதியால் என்ன ஆகப்போகிறது?

போனது போகட்டும், அந்த ரகசியத்தையாவது தெரிந்துகொள்வோம் என்று நினைத்தார். இழப்பதற்கு இனி ஒன்றுமில்லாத மனிதனுக்கு வருகிற துணிச்சல் வந்தது. கௌகோவின் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"காத்து கொஞ்சம் இருக்கு," என்றார் ஹெய்மோ.

"இருக்குங்க."

ஹெய்மோ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

"உங்க மிதவையில அந்த வளைவு... அதுக்கு என்னங்க கணக்கு?"

கௌகோவின் காது சிவந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கணக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வெளிய சொல்லிடாதீங்க. முதல்ல செஞ்சது உருகிப்போச்சு. கையில வேற தெர்மாகோல் இல்ல. எங்க கழிப்பறையில குளிருக்காக வெச்சிருந்த தெர்மாகோல் இருக்கையை எடுத்து ரெண்டா அறுத்துட்டேன். நடுவுல இருந்த ஓட்டை வளைவா நின்னுபோச்சு. வீட்டுல இன்னும் என்கூடப் பேசல."

ஹெய்மோ வீட்டுக் கழிப்பறையிலும் அதே இருக்கைதான். அதன்மேல் உட்கார்ந்துதான் அவ்வளவு நேரம் ஆராய்ச்சி செய்தார்.

"முதல்ல செஞ்சது எப்படி உருகிச்சு?"

"சிவப்புப் பெயிண்ட் அடிச்சேன்."

நான்கு வருடத்துக்கு முந்தைய சொற்பொழிவாளர் ஹெய்மோவுக்குள் தலைநிமிர்ந்தார். "என்னங்க நீங்க! தெர்மாகோல் மேல யாராவது ஸ்பிரே பெயிண்ட் அடிப்பாங்களா?"

"நீங்க அடிச்சீங்களே!" என்றார் கௌகோ பாவமாக. "மூணு வருஷமா தொலைநோக்கியில உங்களப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் அப்படியே செய்றேன், எனக்கு ஒரு தடவைகூட எழும்பல, உங்களுக்கு மட்டும் எப்படிங்க பறக்குது?"